செட் இல்லை, ஹீரோ இல்லை, டூயட் இல்லை... எண்ணூர் சாம்பலுக்கு நடுவே உருவான ‘சென்னை புறம்போக்கு பாடல்’: ஏன் இன்னும் பேசப்படுகிறது?

பின்னால் வானத்தைத் தொடும் புகைபோக்கிகள். காலுக்குக் கீழே சாம்பல். மாசைத் தடுக்கும் முகமூடி அணிந்த ஒரு மனிதர். முகமூடி விலகுகிறது, ஆனந்தபைரவி ராகத்தில் பாட்டு ஆரம்பமாகிறது. வார்த்தைகளைக் கவனித்தால் கச்சேரியில் கேட்கிற தெலுங்கோ சமஸ்கிருதமோ கிடையாது. நம்ம மெட்ராஸ் பாஷை.

முதல் தடவை பார்ப்பவர்களுக்கு ஏதோ உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதை மாதிரி, கற்பனைப் படத்துக்குப் போட்ட செட் மாதிரி தெரியும். ஆனால் அதில் ஒரு துரும்புகூட செட் கிடையாது. அத்தனையும் வடசென்னை, எண்ணூர்.

2017 ஜனவரியில், பொங்கல் நேரத்தில் யூடியூபில் வெளியான ‘சென்னை புறம்போக்கு பாடல்’தான் அது. மொத்தமே 10 நிமிடத்துக்குள் முடிந்துவிடும் இசைப்படம். தியேட்டரில் ஓடவில்லை, பெரிய தயாரிப்பு நிறுவனமும் பின்னால் இல்லை. ஆனாலும் சூழலியல் கூட்டங்களிலும் கர்நாடக சங்கீத மேடையிலும் அது இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கிறது. எப்படி உருவானது இந்தப் பாடல்? எதற்காக?

யார் யார் சேர்ந்தார்கள்?

பாடியவர் டி.எம். கிருஷ்ணா. 2016-ல் மகசேசே விருது பெற்றவர். அதற்கு முந்தைய வருடமே, சென்னையின் மார்கழி சீசனில் இனி பாடப்போவதில்லை என்று அறிவித்து சபா வட்டாரத்தையே அதிரவைத்தவர். பாடலை எழுதியவர் கபேர் வாசுகி, சினிமாவுக்கு வெளியே தனியாகப் பாட்டு எழுதிப் பாடிவருபவர். மெட்டமைத்தவர் வயலின் வித்வான் ஆர்.கே. ஸ்ரீராம்குமார். இயக்கியவர் ரதீந்திரன் ஆர். பிரசாத். இவர்களுக்குப் பின்னால் இருந்தது சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் ‘வெட்டிவேர் கலெக்டிவ்’ குழுவும்.

இந்தக் கூட்டணியில் பாதிக்கு ஏற்கெனவே ஒரு முன்கதை உண்டு. 2015 ஜூலை இறுதியில் வந்த ‘கொடைக்கானல் வோன்ட்’ ராப் வீடியோ ஞாபகம் இருக்கிறதா? சோஃபியா அஷ்ரஃப் பாடியது. அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜின் ‘அனகோண்டா’ மெட்டில், கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரச மாசு பற்றிய வரிகள். அதையும் இயக்கியவர் ரதீந்திரன்தான். அந்த வீடியோவை நிக்கி மினாஜே ட்விட்டரில் பகிர, விஷயம் உலகம் முழுக்கப் போனது. ஆலை மூடப்பட்டது 2001-ல். தொழிலாளர்கள் வருடக்கணக்காகப் போராடி வந்தார்கள். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்கள், அவர்களின் குடும்பங்கள் தொடர்பாக யூனிலீவரின் இந்திய நிறுவனம் ஒப்பந்தத்துக்கு வந்தது. பாட்டு மட்டுமே அதைச் சாதித்தது என்று சொன்னால் அந்தத் தொழிலாளர்களின் 15 வருடப் போராட்டத்துக்குச் செய்யும் அநியாயம். ஆனால் யாரும் எட்டிப்பார்க்காத பிரச்னையை ஒரு சின்ன வீடியோ உலகத்தின் முன் இழுத்துவந்து நிறுத்தியது என்பது உண்மை.

அடுத்து எண்ணூர். ஆனால் அங்கே ஒரு சிக்கல் இருந்தது. கொடைக்கானல் கதையில் ஒரு ஆலை, ஒரு நிறுவனம், ஒரு ரசாயனம். விரலை நீட்டிக் காட்டிவிடலாம். எண்ணூரில் யாரைக் காட்டுவது? அனல் மின் நிலையங்கள், துறைமுகங்கள், பெட்ரோலியக் கிடங்குகள், சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கும். அதில் பாதி அரசாங்கத்துக்குச் சொந்தம். வில்லனே இல்லாமல் ஒரு படம் எடுக்க வேண்டிய நிலை. எனவே அவர்கள் ஒரு சொல்லைப் பிடித்தார்கள்.

அது என்ன ‘புறம்போக்கு’?

தெருவில் யாரையாவது “போடா பொறம்போக்கு” என்றால் அடிதடியில்தான் முடியும். ஒன்றுக்கும் உதவாதவன், நாதியில்லாதவன் என்று அர்த்தம். ஆனால் தாசில்தார் அலுவலகத்தில் அதே சொல்லுக்கு மரியாதையான பொருள். தீர்வை, அதாவது நிலவரி விதிக்கப்படாத, தனி ஒருவர் பெயரில் பட்டா கொடுக்காமல் பொதுப் பயன்பாட்டுக்காக ஒதுக்கிவைத்த நிலம்.

ஏரி, குளம், ஓடை எல்லாம் நீர்நிலைப் புறம்போக்கு. மாடு மேய்கிற இடம் மேய்க்கால் புறம்போக்கு. ஊர் சேர்ந்து நெல் அடிக்கிற களம், சுடுகாடு, பாதை எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு பெயர் உண்டு. வரிக்கணக்குக்குப் புறம்பாகப் போனது, அவ்வளவுதான். வருமானம் கொடுக்காத நிலம் ‘உபயோகமில்லாத நிலம்’ என்று பார்க்கப்பட்டு, கடைசியில் அந்தச் சொல்லே வசவாக மாறிவிட்டது. இத்தனைக்கும் ஊருக்கே அதிகம் உபயோகப்படுவது அந்த நிலம்தான்! மழைத்தண்ணீர் தங்குவதற்கு வேறு எந்த இடம் இருக்கிறது?

இந்தச் சொல்லைக் கையில் எடுத்த முதல் ஆட்கள் இவர்கள் கிடையாது. 2015-ல் எஸ்.பி. ஜனநாதன் இயக்கத்தில் ஆர்யா, விஜய் சேதுபதி, ஷாம் நடித்து வந்த படத்தின் பெயரே ‘புறம்போக்கு என்கிற பொதுவுடமை’. அதற்கும் முன்னால், 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில், கிராமப் பொது நிலங்களையும் குளங்களையும் ஆக்கிரமித்தவர்களை அகற்ற வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருந்தது. பாடலின் பல்லவி சொல்வதும் கிட்டத்தட்ட இதைத்தான். இது தனி ஆளுக்குச் சொந்தமில்லை, ஊருக்கும் பூமிக்கும் பொது. தீர்ப்பு 2011-லேயே வந்துவிட்டது. அது சாதாரண மக்களின் காதுக்குப் போய்ச்சேர ஒரு பாட்டு வேண்டியிருந்தது.

எண்ணூரில் என்னதான் பிரச்னை?

சென்னைக்கு மூன்று ஆறுகள். கூவமும் அடையாறும் எல்லோருக்கும் தெரியும். மூன்றில் பெரியது கொசஸ்தலை ஆறு, தென்சென்னையில் பலருக்கு அது பெயரளவில்கூட தெரியாது. அந்த ஆறு கடலில் கலக்கும் இடம்தான் எண்ணூர் முகத்துவாரம். பக்கிங்காம் கால்வாயும் இங்கே வந்து சேர்கிறது. ஆறும் கடலும் கலக்கும் இந்த உவர்நீரில் இறால், நண்டு, மடவை என்று பிடித்து வாழ்ந்தவை காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் போன்ற மீனவ ஊர்கள். வலை இல்லாமல், கழுத்தளவு தண்ணீரில் இறங்கி கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் இன்றும் இங்கே உண்டு. தண்ணீரில் எண்ணெயோ சுடுநீரோ சாம்பலோ கலந்தால் அது முதலில் தெரிவது அவர்களின் தோலுக்குத்தான்.

இங்கே ஆலைகள் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1960-களில் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. 1970-ல் எண்ணூர் அனல் மின் நிலையம். 90-களில் அத்திப்பட்டு பக்கம் வடசென்னை அனல் மின் நிலையம், பிறகு வல்லூர். 2001-ல் எண்ணூர் துறைமுகம், இப்போதைய காமராஜர் துறைமுகம். அடுத்து காட்டுப்பள்ளி துறைமுகம். ஒவ்வொன்று வரும்போதும் கொஞ்சம் சதுப்பு நிலம் மேடானது. ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டால் ‘நாட்டுக்கு மின்சாரம்’, ‘ஊருக்கு வேலை’ என்று பதில் வந்தது. பதில் பொய் என்று சொல்லிவிட முடியாது. சென்னையில் ஏசி ஓடுவது இந்தக் கரியில்தான். ஆனால் அந்த ஏசி ஓடுவது ஓரிடம், சாம்பல் விழுவது வேறிடம்.

அந்தச் சாம்பல்தான் பாடலின் காட்சிகளில் நாம் பார்ப்பது. நிலக்கரியை எரித்தபின் மிஞ்சும் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, கூழ் மாதிரி ஆக்கி, குழாய் வழியாகச் சாம்பல் குட்டைக்கு அனுப்புவது வடசென்னை அனல் மின் நிலையத்தின் முறை. குழாய் போகும் வழியோ ஆற்றைத் தாண்டி. குழாய் துருப்பிடித்து ஒழுகினால் சாம்பல் கூழ் நேராக ஆற்றில் விழும். இப்படி ஆண்டுக்கணக்காக ஒழுகியதில் ஆற்றின் ஆழம் குறைந்து, படகு தரைதட்டும் அளவுக்கு மேடு தட்டிவிட்டது என்பது மீனவர்களின் புகார்.

இதில் மீனவர்கள் மட்டும் சம்பந்தப்பட்டிருந்தால் நகரம் கண்டுகொண்டிருக்காதுதான். 2015 டிசம்பர் வெள்ளம் அந்தக் கணக்கை மாற்றியது. ஆற்று நீர் கடலுக்குப் போகும் வாயை அடைத்தால் தண்ணீர் திரும்பி வரும் என்பதற்கு விஞ்ஞானம் படிக்கத் தேவையில்லை. பாடலும் இந்த வெள்ளத்தைத் தொட்டுத்தான் பேசுகிறது. எண்ணூர் மேடானால் தண்ணீர் உன் வீட்டு ஹாலுக்கும் வரும் என்பது மயிலாப்பூர்க்காரருக்கும் அண்ணா நகர்க்காரருக்கும் சேர்த்துச் சொல்லப்பட்ட செய்தி.

மெட்ராஸ் பாஷையில் கீர்த்தனை எப்படி?

இசை ரீதியாகப் பார்த்தால் இங்கேதான் பெரிய ரிஸ்க். பாடல் ஒரு ராகமாலிகை. ஆனந்தபைரவியில் தொடங்கி பேகடா, ஹமீர்கல்யாணி, தேவகாந்தாரி, சாலகபைரவி வழியாக சிந்துபைரவிக்கு வந்து முடிகிறது. ஒவ்வொரு சரணத்துக்கும் ஒரு ராகம் மாறும். சபாவில் உட்கார்ந்து பழகிய காதுகளுக்கு இந்த வரிசை அச்சு அசல் கச்சேரிச் சாப்பாடு. குறை சொல்ல இடமே கொடுக்காத இலக்கண சுத்தம்.

வார்த்தைகளோ அப்படி இல்லை. கர்நாடக சங்கீதத்தில் சொல்லை இழுக்க வேண்டும், நெடில் எழுத்துகளில் உட்கார்ந்து கமகம் கொடுக்க வேண்டும். ‘ராமா’, ‘அம்பா’ என்று பாடும்போது அந்த ‘ஆ’ எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடும். மெட்ராஸ் பாஷை அதற்கு நேர் எதிர். சொற்கள் குட்டை, வேகம் அதிகம், பாதி சொற்கள் குற்றியலுகரத்தில் முடிந்து வாயை மூடிக்கொள்ளும். அதை இழுத்தால் கிண்டல் மாதிரி ஆகிவிடும், இழுக்காவிட்டால் ராகம் நிற்காது. இந்தப் பாட்டு பெரும்பாலும் சொல்லின் பேச்சு ஓசையைக் காப்பாற்றிக்கொண்டே ராகத்தைச் சுற்றிப் படரவிடுகிறது. ‘புறம்போக்கு’ என்ற சொல் திரும்பத் திரும்ப வந்து விழும்போது, முதல் தடவை சிரிப்பு வரும். நாலாவது தடவை சிரிப்பு வராது. கடைசியில் பாடுபவர் தன்னையும் கேட்பவரையும் அதே சொல்லால் அழைக்கும்போது அந்தச் சொல்லில் வசவு மிச்சமில்லை.

ஆனந்தபைரவியைத் தொடக்கமாக வைத்ததும் நல்ல முடிவு. தாலாட்டிலும் கல்யாணப் பாட்டிலும் புழங்கிய ராகம் அது, சங்கீதம் தெரியாதவரையும் வாசலிலேயே நிறுத்தாது. சிந்துபைரவியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாலசந்தர் படத்தின் புண்ணியத்தில் தமிழ்நாட்டுக்கே பெயராவது தெரியும்.

வடசென்னைக்கும் கர்நாடக சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம்?

‘சபா எங்கே, எண்ணூர் எங்கே’ என்றுதான் பலரும் வியந்தார்கள். உண்மையில் இது பழைய சொந்தம். இன்றைக்குச் சுத்திகரிப்பு ஆலைக்குப் பெயர்போன மணலியில்தான் முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் சில காலம் வாழ்ந்தது. அவருடைய அப்பா ராமசுவாமி தீட்சிதரை ஆதரித்தவர்கள் மணலி முதலியார் குடும்பத்தினர். புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர் பேண்ட் வாசித்ததைக் கேட்டு தீட்சிதர் ‘நோட்டுஸ்வரம்’ பாடல்களை அமைத்ததும் அந்தக் காலத்துக் கதைதான். பக்கத்திலேயே திருவொற்றியூர். அங்கே வாழ்ந்த வீணை குப்பய்யர் தியாகராஜரின் சீடர். சீடரின் ஊருக்கு வந்த தியாகராஜர், வடிவுடையம்மன் மீது பாடிய ஐந்து கீர்த்தனைகள் ‘திருவொற்றியூர் பஞ்சரத்தினம்’ என்ற பெயரில் இன்றும் கச்சேரிகளில் பாடப்படுகின்றன.

அதாவது, 200 வருடங்களுக்கு முன் மும்மூர்த்திகளில் இருவர் பாடிய கடற்கரை இது. சங்கீதம் தெற்கே போய் மயிலாப்பூரில் குடியேறியது பின்னால்.

பட்ஜெட் எங்கே மிச்சமானது?

ஒரு சினிமாப் பாட்டுக்குச் செலவு எங்கே போகும்? செட், நடனக் குழு, உடை, நட்சத்திரச் சம்பளம், கிராபிக்ஸ். இதில் எதுவுமே இந்தப் படத்தில் இல்லை. கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் காட்சி தயாராக இருந்தது: புகைபோக்கி, சாம்பல் வெளி, கரையில் படகு. வெள்ளைச் சாம்பல் தரையில் பாடகர் ஒருவர் நிற்பதே போதுமான விநோதம். படத்தின் பலம் இந்த முரண்தான். குளிரூட்டிய சபாவில், பட்டு விரித்த மேடையில் பார்த்துப் பழகிய மனிதரை அப்படியே தூக்கிச் சாம்பலில் நிறுத்தியிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். தமிழ் சினிமாவில் வடசென்னை என்றால் கத்தி, கஞ்சா, கேரம் போர்டு, ரவுடி என்றே பல வருடமாகக் காட்டிவிட்டார்கள். ‘மெட்ராஸ்’ மாதிரி சில படங்கள் விதிவிலக்கு. எண்ணூரின் ஆறும் அதன் சாம்பலும் கதைக்குப் பின்னணியாகக்கூட வந்தது அபூர்வம். இங்கே அந்த நிலமே ஹீரோ.

விமர்சனமே இல்லையா?

நியாயமான கேள்விகள் உண்டு. வடசென்னைக்கு என்று சொந்தமாக கானா இருக்கும்போது, தெற்கிலிருந்து ஒரு கர்நாடக வித்வான் வந்து, இவர்களின் பாஷையைக் கடன் வாங்கிப் பாட வேண்டுமா? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. மறுபக்கம், பாடலின் இலக்கு எண்ணூர்க்காரர் இல்லை என்பதும் உண்மை. தன் ஆற்றில் சாம்பல் விழுவது அவருக்குத் தெரியாதா? பாட்டு பேசியது மின்சாரத்தை அனுபவித்துவிட்டு ‘எண்ணூரா, அது எங்கே?’ என்று கேட்கிற பாதிச் சென்னையிடம்.

கானாக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. ஒரு வருடம் கழித்து, 2018 ஜனவரியில் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியது. அதில் பாடிய ராயபுரத்துப் பெண் இசைவாணி, ஆண்களே ஆண்டுகொண்டிருந்த கானாவில் தன் இடத்தைப் பிடித்து, 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியல்வரை போனார். எண்ணூர் சாம்பலையும் ராயபுரத்துக் கானாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால், ஒரே ஊரைப் பற்றி வெளியிலிருந்து ஒரு குரலும் உள்ளேயிருந்து ஒரு குரலும் எப்படிப் பேசும் என்பது புரியும். உள்ளேயிருந்து வருவதில் கோபத்தோடு கொண்டாட்டமும் இருக்கும். புறம்போக்கு பாடலில் கொண்டாட்டம் குறைவு.

வெளியான பிறகு என்ன நடந்தது?

2017 ஜனவரி சென்னைக்குச் சாதாரண மாதம் கிடையாது. முந்தைய மாதம்தான் ஜெயலலிதா மறைவு, ஒரே வாரத்தில் வர்தா புயல். பாடல் வந்த சில நாட்களில் மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் வெடித்தது. இத்தனை சத்தத்தில் ஒரு கர்நாடகப் பாட்டு காணாமல் போயிருக்க வேண்டும்.

ஆனால் ஜனவரி 28 அதிகாலை, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் எர்ணாவூர் கரையில் கறுப்புக் கூழாக ஒதுங்கியது. இளைஞர்களும் மீனவர்களும் பிளாஸ்டிக் பக்கெட்டில் அதை அள்ளிய காட்சியை நாடே பார்த்தது. பாடல் வந்து சரியாக இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ‘எண்ணூர் எங்கே?’ என்ற கேள்விக்கு அதன்பிறகு விளக்கம் தேவைப்படவில்லை. அதே வருடம் மார்ச்சில் பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் மூடப்பட்டது. அக்டோபரில் கமல்ஹாசன் கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் கொட்டப்படுவது பற்றி ட்வீட் போட்டுவிட்டு, நேரிலும் வந்து பார்த்தார்.

பாடலால் ஆறு சுத்தமாகிவிடவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய் மறுபடி எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் படர்ந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. அந்த மாதம் முடிவதற்குள், 26-ம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மூச்சுத்திணறலோடு மக்கள் மருத்துவமனைக்கு ஓடினார்கள். ஊர்மக்கள் ஆலை வாசலில் மாதக்கணக்காகப் போராட்டம் நடத்தினார்கள்.

கிருஷ்ணா அந்தப் பாடலைக் கச்சேரி மேடைகளிலும் பாடத் தொடங்கியது தனிக்கதை. தியாகராஜர் கீர்த்தனைக்குப் பிறகு ‘புறம்போக்கு’ வரும்போது அரங்கில் சிலர் கைதட்டுவார்கள், சிலருக்கு முகம் சுருங்கும்.

உங்கள் ஊரில் எது புறம்போக்கு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். தமிழக அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரத்திலும்’ நில ஆவணச் சேவை இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் ‘அ-பதிவேடு’ விவரம் வரும். அந்த எண் பட்டா நிலமா, அரசு நிலமா, அரசு நிலம் என்றால் குளமா, ஓடையா, மேய்க்காலா என்பது அதில் இருக்கும். வீட்டு மனை வாங்கப் போகிறவர்கள் விற்பவர் காட்டும் பத்திரத்தோடு இதையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. நேற்றுவரை ஏரியாக இருந்த புல எண்கள் இன்று பிளாட் விளம்பரத்தில் வருவது சென்னையைச் சுற்றிப் புதிதில்லையே.